வாசப்படிக்கும் ரோட்டுக்கும் நடுவில் 38 சென்டிமீட்டர்

சர்வே ஆபீசில் ஒரு வேலையை முடித்துக் கொடுக்கும்போது, வேலை கொடுத்தவர் கைக்குப் போவது பெரும்பாலும் ஒரு பிடிஎஃப்தான். நாங்கள் எடுத்த அளவுகள் மட்டும் அதில் இருக்கும். எந்தச் சுவரிலிருந்து எந்தச் சுவர் வரை டேப் பிடிப்பது, எங்கே ஸ்டாஃப் (அளவு குறித்த நீளக் கோல்) வைத்து லெவல் பார்ப்பது என்பதெல்லாம் சர்வேயர் எடுத்த முடிவு. அந்த இடத்தில் குடியிருப்பவருக்கு வேறொரு கேள்வி இருந்தால் அந்தத் தாள் பதில் சொல்லாது. லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடார் ஸ்கேனர் வந்த பிறகு இது மாறியிருக்க வேண்டும், ஏனென்றால் ஸ்கேனரின் பார்வையில் பட்டது எல்லாமே புள்ளிகளாகப் பதிவாகிவிடுகிறது. ஆனால் கோப்பு பல ஜிபி இருக்கும். திறக்க நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் அதற்கான மென்பொருளும் வேண்டும். அதனால் கடைசியில் நாங்களே அதிலிருந்து நாலு அளவு எடுத்து மறுபடியும் ஒரு பிடிஎஃப் போட்டுக் கொடுக்கிறோம்.

இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. அதனால் எங்கள் தெருவையே ஸ்கேன் செய்து, பிரவுசரில் திறக்கும்படி ஏற்றி, தெருக்காரர்கள் கையிலேயே அளவுகோலைக் கொடுத்துவிட்டேன். எப்படிச் செய்தேன், அளக்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தெரு தண்டையார்பேட்டையில், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை நோக்கிப் போகும் பக்கம் இருக்கிறது. நீளம் 180 மீட்டர் சுமாருக்கு. சில இடங்களில் ஒரு மீன்பாடி வண்டி வந்தால் எதிரே வரும் ஸ்கூட்டர் ஓரம் கட்டி நிற்க வேண்டும். மழை என்றால் தண்ணீர் வீட்டுக்குள்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கட்டிலுக்கு மேல் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்த வீடுகள் உண்டு. காரணம் என்னவென்று தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: ரோடு ஏறிப்போச்சு. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று விதி இருக்கிறது. நடப்பது அப்படி இல்லை. பழையதன் மேலேயே புதியது விழுகிறது.

எதிர்வீட்டு ஆயா இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார். "நான் கண்ணாலம் ஆயி இந்தத் தெருவுக்கு வந்தப்போ மூணு படி ஏறி வூட்டுக்குள்ள போவணும் கண்ணு. இப்போ ரெண்டு படி எறங்கிப் போறேன்."

இதற்கு எந்த நம்பரும் கிடையாது என்பதுதான் எங்கள் பிரச்சினை. எவ்வளவு ஏறியிருக்கிறது, எந்த வீட்டு வாசலில், தெருவின் தாழ்வான இடம் எது, மழைநீர் வடிகால் வாய் அதற்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா? ஆட்டோ லெவல் என்ற உயர வித்தியாசம் பார்க்கும் கருவியை வைத்து அரை நாளில் இதையெல்லாம் எடுத்திருக்கலாம், துல்லியமாகவும் இருக்கும். ஆனால் மறுபடியும் நான் தேர்ந்தெடுத்த புள்ளிகள் மட்டும்தான் தாளில் வரும். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வாசலைத் தானே அளந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் ஸ்கேனர் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். 16 லேசர் கதிர்கள் சுற்றிச் சுழன்று நொடிக்கு மூன்று லட்சம் புள்ளிகள் எடுக்கும் வகை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளித்துடிப்பு ஒன்று போய்ச் சுவரில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கருவி கணக்கிடுகிறது. ஒரு மீட்டர் தூரம் போய்த் திரும்ப ஒளிக்கு 6.67 நானோ நொடி ஆகும். இவ்வளவு சின்ன நேரத்தை அளக்கிற கருவி என்பதால் ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு முன்பின் இருக்கும். இந்த மூன்று சென்டிமீட்டரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

நடந்துகொண்டே எடுக்கும் ஸ்கேனர், தான் எங்கே இருக்கிறோம் என்பதையும் சுற்றியிருக்கும் வடிவங்களை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. நீளமான, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சுவர் உள்ள சந்தில் அது தடுமாறும். பத்து மீட்டருக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போய், திரும்பி வரும்போது ஒரே சுவர் இரண்டு சுவராகத் தெரியும். அதனால் தெருவில் இறங்கி, பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றி, ஆரம்பித்த இடத்திலேயே வந்து முடிக்க வேண்டும். அப்போது மென்பொருள் இரண்டு முனைகளையும் ஒட்டவைத்து, நடுவில் சேர்ந்த பிழையை வழி முழுக்கப் பரப்பிச் சரிசெய்துகொள்ளும். ஈரம் இருக்கக் கூடாது. தேங்கிய தண்ணீர் லேசரைக் கண்ணாடி மாதிரி வேறு பக்கம் திருப்பிவிடும். அந்த இடம் வெறும் ஓட்டையாக இருக்கும், இல்லாவிட்டால் தரைக்குக் கீழே பொய்ப் புள்ளிகள் வரும். பக்கிங்ஹாம் கால்வாய்ப் பக்கம் போய்ப் பார்த்தால் கரை மட்டும் புள்ளிகளாகத் தெரிகிறது, தண்ணீர் இருக்கும் இடம் முழுக்கக் கருப்பு. அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்கிறது.

ஆட்கள் நடமாட்டம் ஆரம்பிப்பதற்கு முன்னால், விடியற்காலையில் எடுத்தேன். அப்படியும் தண்ணீர் லாரிக்காக வரிசையில் வைத்த பிளாஸ்டிக் குடங்கள் அத்தனையும் பதிவாகியிருக்கின்றன. நடந்து போனவர்கள் மட்டும் ஒரு நீளமான புகைக் கோடாகத் தெரிகிறார்கள்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். லைடாரில் முகம் தெரியாது, சரி. ஆனால் கதவு திறந்திருக்கும் வீட்டுக்குள் லேசர் போகும். எங்கள் தெருவில் கதவைச் சாத்தி வைக்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது. கட்டில், பீரோ, தொட்டில் எல்லாம் புள்ளிகளில் வந்திருந்தன. வாசப்படிக்கு உள்ளே இருந்த புள்ளிகள் மொத்தத்தையும் வெட்டி எடுத்த பிறகுதான் ஏற்றினேன். தெருவை ஸ்கேன் செய்கிற யாரும் இதைச் செய்யாமல் இணைப்பைப் பகிரக் கூடாது என்று நினைக்கிறேன்.

அடுத்தது உயரம். தெருவின் இரண்டு முனைகளிலும் நடுவிலுமாக டிஜிபிஎஸ் (சாதாரண ஜிபிஎஸ்ஸைவிடத் துல்லியமான கருவி) வைத்து எடுத்த கட்டுப்பாட்டுப் புள்ளிகளில், அதாவது ஸ்கேனைச் சரியான இடத்தில் பொருத்துவதற்கான புள்ளிகளில், உயரம் மைனஸ் எண்பது மீட்டருக்கும் கீழே காட்டியது. இதைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பையன், "அக்கா, நம்ம தெரு கடலுக்கு அவ்ளோ அடியிலயா கீது?" என்று நிஜமான பயத்தோடு கேட்டான். காரணம் இதுதான். ஜிபிஎஸ் உயரத்தை அளப்பது கடல் மட்டத்திலிருந்து அல்ல. பூமியைக் கணிதத்துக்காக ஒரு வழுவழுப்பான நீள்வட்ட உருண்டையாக வைத்து, அதன் மேற்பரப்பிலிருந்து அளக்கிறது. நிஜக் கடல் மட்டம் ஈர்ப்பு விசையைப் பொறுத்து மேடு பள்ளமாக இருக்கும். கடல் மட்டத்தின் இந்தப் பள்ளங்களில் உலகத்திலேயே மிக ஆழமானது இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கடல் மட்டம் அந்த உருண்டையைவிட 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் சென்னை உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் காசிமேட்டுக் கரையில் நின்றால்கூட ஜிபிஎஸ் மைனஸில் காட்டுகிறது.

தெருவுக்குள் எங்களுக்குத் தேவை உயர வித்தியாசம் மட்டுமே. அதனால் சைட்டில் வழக்கமாகச் செய்வதையே செய்தேன்: தெருமுனைப் பிள்ளையார் கோயிலின் முதல் படியை 10.000 என்று வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன். எல்லாருக்கும் தெரிந்த படி என்பதால் நம்பர்களை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிரவுசரில் காட்டுவதற்குப் போட்ரீ என்ற மென்பொருளை எடுத்துக்கொண்டேன். வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஷூட்ஸ் எழுதியது. அவருடைய 2016 ஆய்வேடு இதைப் பற்றியதுதான். இலவசம், மூல நிரலும் திறந்திருக்கிறது. கோடிக்கணக்கான புள்ளிகளை ஒரு சாதாரணப் போனில் எப்படித் திறக்க முடிகிறது என்பது எனக்கு இன்னமும் வியப்பான விஷயம். முதலில் மொத்த இடத்தையும் ஒரு பெரிய கனசதுரமாக எடுத்து, அதை எட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மறுபடி எட்டாகப் பிரித்துக்கொண்டே போகிறது. மேல் பெட்டியில் தெரு முழுவதற்குமான கொஞ்சம் புள்ளிகள் மட்டும் இருக்கும். கீழே போகப் போக இடைவெளி பாதி பாதியாகக் குறைந்து புள்ளிகள் நெருக்கமாகும். நீங்கள் தெருமுனையிலிருந்து பார்த்தால் மேல் பெட்டிகள் மட்டும் இறங்கும். ஆயா வாசலுக்குக் கிட்டே போனால் அந்த வாசலுக்கான சின்னப் பெட்டிகள் இறங்கும். ஒரே நேரத்தில் திரையில் எத்தனை புள்ளி வரலாம் என்று ஒரு வரம்பு வைக்கலாம். கம்ப்யூட்டரில் பத்து லட்சம், போனில் அதில் பாதி என்று வைத்தேன், தாராளமாக ஓடுகிறது.

இதற்கென்று தனி டேட்டாபேஸ் எதுவும் தேவையில்லை. புதிய பதிப்பில் மொத்தமே மூன்று கோப்புகள்தான். ஒரு பெரிய கோப்பின் நடுவிலிருந்து இத்தனாவது பைட் முதல் இத்தனாவது பைட் வரை மட்டும் கொடு என்று பிரவுசர் கேட்கும். அதைக் கொடுக்கத் தெரிந்த எந்தச் சர்வரும் போதும். நெதர்லாந்தில் நாடு முழுவதையும் வானிலிருந்து ஸ்கேன் செய்த 64,000 கோடி புள்ளிகளை 2015-லேயே இதே போட்ரீயில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்தார்கள். எண்ணூர் முதல் ராயபுரம் வரைக்கும் அப்படி ஒன்று இருந்தால் எத்தனை தெருவின் சண்டை தீரும் என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

ஸ்கேனரின் மூலக் கோப்பு எல்ஏஎஸ் என்ற, லைடார் புள்ளிகளுக்கான வடிவத்தில் வரும். அதை அப்படியே வைத்திருக்க வேண்டாம், மார்ட்டின் ஐசன்பர்க் எழுதிய லாஸ்ஜிப்பால் சுருக்கினால் ஒரு தகவலும் குறையாமல் கால் பங்குக்கும் கீழே வந்துவிடும். 2021-ல் அவர் இறந்துபோனார். புள்ளி மேகத்தோடு, அதாவது இந்த மாதிரி ஸ்கேன் புள்ளிகளின் தொகுப்போடு, வேலை செய்கிற ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

போட்ரீ மாதிரிப் புள்ளிகளைத் திரையில் காட்டும் வியூவரைச் சொந்தமாக எழுத நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கிராஃபிக்ஸ் கார்டு பெரும்பாலும் 32 பிட் தசம எண்களில் கணக்குப் போடுகிறது. ஒரு இடத்தைக் கிழக்கு, வடக்கு என்று மீட்டரில் இரண்டு எண்களால் குறிக்கும் யுடிஎம் முறையில் சென்னை 44 வடக்கு மண்டலத்தில் வருகிறது. எங்கள் தெருவின் வடக்கு ஆயத்தொலைவு பதினான்கு லட்சத்து ஐம்பதாயிரம் மீட்டர் அளவில் இருக்கும். அந்த அளவு எண்ணில் 32 பிட் தசமத்துக்கு அடுத்தடுத்து இரண்டு மதிப்புகளுக்கு இடையே 12.5 சென்டிமீட்டர் இடைவெளி. கிழக்கு ஆயத்தொலைவில் அதே இடைவெளி 3 சென்டிமீட்டர். அப்படியே அனுப்பினால் சுவர் எல்லாம் படிக்கட்டு போலப் பட்டை பட்டையாகத் தெரியும், அளவும் குட்டிச்சுவர்தான். தெருவின் ஒரு மூலையைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் கார்டுக்கு அனுப்ப வேண்டும். போட்ரீ இதைத் தானே பார்த்துக்கொள்கிறது.

சர்வரை இந்தியாவிலேயே வைத்தேன். 2021 பிப்ரவரியில் வந்த புவியிடத் தகவல் வழிகாட்டுதல்படி, கிடைமட்டத்தில் ஒரு மீட்டரையும் செங்குத்தில் மூன்று மீட்டரையும் விடத் துல்லியமான தரவை நாட்டுக்குள்தான் சேமிக்க வேண்டும், இங்கேதான் பிராசஸ் செய்யவும் வேண்டும். சென்டிமீட்டர் கணக்கில் எடுத்த தெரு அதில் அடங்கும்.

இப்போது அளப்பதற்கு வருகிறேன். இணைப்பைத் தெரு வாட்ஸ்ஆப் குழுவில் போட்டதும் எல்லாரும் முதலில் செய்தது தங்கள் வீட்டு அகலத்தை அளந்ததுதான். அதில் தவறில்லை, பழக அதுதான் நல்ல வழி. ஆனால் போட்ரீயின் ஒவ்வொரு கருவியும் எதை அளக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தூரம் என்பது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோட்டு முப்பரிமாண தூரம். ஒன்று படியிலும் ஒன்று ரோட்டிலும் இருந்தால் சரிவான தூரம் வரும். உயரக் கருவி மேல் புள்ளிக்கும் கீழ்ப் புள்ளிக்கும் உள்ள செங்குத்து வித்தியாசத்தை மட்டும் சொல்லும். வாசப்படிக்கு இதுதான் வேண்டும். பரப்பளவு மேலேயிருந்து பார்த்தால் எவ்வளவோ அவ்வளவுதான் வரும். சுவரின் பரப்பை அதில் அளக்க முயன்றால் பூச்சியத்துக்குப் பக்கத்தில் ஏதாவது காட்டும். கன அளவுப் பெட்டிதான் ரொம்ப ஏமாற்றும். கொடுங்கையூர் குப்பைமேட்டைப் போல ஒரு குவியலைச் சுற்றிப் பெட்டியை வைத்தால் எத்தனை கன மீட்டர் என்று ஒரு எண் வரும். அது பெட்டியின் கன அளவு, குவியலுடையது இல்லை. குவியலுக்கு மேல்பரப்பையும் அடித்தளத்தையும் தனித்தனியாகச் செய்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். அந்த வேலை பிரவுசரில் நடக்காது, கிளவுட்கம்பேர் மாதிரி மென்பொருள் வேண்டும்.

அப்புறம், தூரத்திலிருந்து கிளிக் செய்யக் கூடாது. கர்சர் ஒட்டிக்கொள்வது அந்த நேரத்தில் திரையில் இறங்கியிருக்கும் புள்ளிகளில் ஏதோ ஒன்றில். அந்தப் புள்ளி நிஜமானதுதான், ஆனால் நீங்கள் நினைத்த படி ஓரத்தில் அது இருக்காது. நன்றாக நெருங்கிப் போய், புள்ளிகள் எல்லாம் இறங்கும் வரை பொறுத்து, அப்புறம் கிளிக் செய்யுங்கள்.

நான் அதிகம் நம்புவது குறுக்குவெட்டுக் கருவியைத்தான். தெருவின் குறுக்கே ஒரு கோடு போட்டு, அதற்கு 20 சென்டிமீட்டர் அகலம் கொடுத்தால், அந்தப் பட்டைக்குள் விழும் புள்ளிகள் எல்லாம் கீழே ஒரு தனிப் படமாக வரும். இடது வீட்டு வாசல், ரோடு, வலது வீட்டு வாசல் என்று தெருவைக் கத்தியால் வெட்டி நிறுத்தினது போல இருக்கும். ரோடு அதில் ஒல்லிக் கோடாக வராது, சுமார் மூன்று சென்டிமீட்டர் தடிமனான பட்டையாக வரும். ஆரம்பத்தில் சொன்ன அந்த முன்பின்தான் இது. பட்டையின் மேல் விளிம்பில் கிளிக் செய்தால் ரோடு அதிகம் ஏறினதாகவும், கீழ் விளிம்பில் செய்தால் குறைவாகவும் காட்டும். நடுவை எடுக்க வேண்டும். இதை மட்டும் எல்லாருக்கும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். நமக்குச் சாதகமான விளிம்பை எடுத்துக்கொண்டு போனால், நாளைக்கு இன்ஜினியர் ஸ்டாஃப் வைத்துப் பார்க்கும்போது மொத்தக் கோரிக்கையும் பொய்யாகிவிடும்.

ஆயா வீட்டுக் குறுக்குவெட்டில் ரோட்டின் நடு மேட்டுக்கும் வாசல் தரைக்கும் வித்தியாசம் 38 சென்டிமீட்டர் வந்தது. டேப்பும் ரச மட்டமும் வைத்துப் பார்த்தோம், 37. ஆயாவின் பேரன் போனில் அந்தப் படத்தைத் திறந்து காட்டினான். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுல பழைய படி எங்க?" என்று கேட்டார். லேசர் தாருக்கு அடியில் போகாது, புதைந்துபோன படி இதில் தெரியாது என்று சொன்னேன். நியாயமான கேள்வி அது. லைடார் காட்டுவது இன்றைக்கு வெளியில் தெரிகிற பரப்பை மட்டும்தான். எத்தனை அடுக்கு என்று தெரிய, குழாய்க்காகப் பள்ளம் தோண்டும்போது வெட்டு முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்தவர் நான் இல்லை. தெருக்கோடியில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணன். எல்லாரும் தெருவுக்குக் குறுக்கே வெட்டிக்கொண்டிருந்தபோது அவர் நீளவாக்கில் கோடு போட்டார். ரோடு தெருவின் இரண்டு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கி இறங்குகிறது. மிகத் தாழ்வான இடம் மாவு மில்லுக்கு எதிரே. வடிகாலின் வாய் அங்கிருந்து ஐந்து வீடு தள்ளி இருக்கிறது, அதுவும் அந்தத் தாழ்வான இடத்தைவிட 9 சென்டிமீட்டர் உயரத்தில். அதாவது மாவு மில் வாசலில் 9 சென்டிமீட்டர் தண்ணீர் நின்ற பிறகுதான் வடிகாலுக்குள் முதல் சொட்டு போகும். ஒவ்வொரு மழையிலும் வடிகால் அடைப்பு என்று சொல்லித் தூர்வாரச் சொல்லிக்கொண்டிருந்தோம். தூர்வாருவது நல்லதுதான், ஆனால் இந்த 9 சென்டிமீட்டர் அப்படியே இருக்கும்வரை தண்ணீர் நிற்கத்தான் செய்யும். மூன்று சென்டிமீட்டர் முன்பின் உள்ள கருவியில் 9 என்பது சந்தேகத்துக்கு இடமில்லாத வித்தியாசம். இதுவே 2 சென்டிமீட்டர் வந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

இதை எந்த பிடிஎஃப்பிலும் நான் போட்டிருக்க மாட்டேன். நானும் வாசப்படியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் அந்தத் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளுகிறவருக்குத்தான் கோட்டை எந்தப் பக்கம் போட வேண்டும் என்று தெரிந்திருந்தது.

நீளவாக்குப் படத்தையும் வீடு வாரியாக வாசல் அளவுகளையும் அச்செடுத்து, கூடவே இணைப்பையும் கொடுத்து மனு எழுதினோம். பார்க்க வந்த இன்ஜினியர் ஆட்டோ லெவல் கொண்டுவந்து நாலைந்து இடத்தில் ஸ்டாஃப் வைத்துப் பார்த்தார். எங்கள் நம்பரோடு ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போனது. அதற்கு மேல் அவர் வாக்குவாதம் செய்யவில்லை. அடுத்த முறை தார் போடும்போது மில்லிங் செய்து, அதாவது பழைய தாரைச் சுரண்டி எடுத்து, தாழ்வான இடத்தில் ஒரு வாய் வைக்கப் பரிந்துரைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மில்லிங் நடந்ததும் ஒரு தடவை, புதுத் தார் போட்டதும் ஒரு தடவை மறுபடி ஸ்கேன் செய்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்கப்போகிறேன். எத்தனை சென்டிமீட்டர் சுரண்டினார்கள், எத்தனை சென்டிமீட்டர் போட்டார்கள் என்று தெருவின் ஒவ்வொரு சதுர அடிக்கும் தெரிந்துவிடும். அதற்கு எல்லா ஸ்கேனும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். ரோட்டில் அடித்த ஆணி மில்லிங்கோடு போய்விடும். அதனால் கோயில் படி, பள்ளிக்கூட கேட் தூண், இரண்டு பழைய வீடுகளின் பேஸ்மட்டம் என்று ரோட்டு வேலை தொடாத நான்கு இடங்களில் மஞ்சள் பெயிண்டில் குறி போட்டு, ஒவ்வொன்றின் உயரத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் தெருவில் ரோடு போடப்போகிறார்கள் என்றால் இந்தக் குறிகளை முதலில் போடுங்கள், தார் வண்டி வருவதற்கு முன்னால். ஸ்கேனர் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. அந்தக் குறியிலிருந்து ரோடு வரை டேப்பில் அளந்து, தேதி போட்டு, குறி தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.